கடனையும் கல்வியாக்கிய அண்ணல்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. திருப்பித் தர வேண்டிய பணம் ஒன்று. செய்தே தீர வேண்டிய கடமை மற்றொன்று. நம் மக்களின் வாழ்வில் நெடுங்காலம் ஆட்சி செய்து வந்தது முதற்பொருளே ஆகும். திருமணத்திற்கு வாங்கிய கடன், சாவுச் செலவிற்கு வாங்கிய கடன், பஞ்சக் காலத்தில் வயிற்றுக்கு வாங்கிய கடன் ஆகியவை தந்தையைப் பண்ணையில் கட்டிப் போட்டன. தந்தைக்குப் பின் மகனையும் அதே பண்ணையில் கட்டிப் போட்டன.

இது மிகைக் கூற்று அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர், தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றை ஆராய்ந்து 1918ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு என்னும் ஊரும் இடம் பெற்றுள்ளது. அவ்வூரில் படியாள் என்று அழைக்கப்பட்டவர்கள் சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்த நிலையை அந்நூல் பதிவு செய்தது. வெள்ளாற்றங்கரையிலும் வீராணத்துப் பாசனப் பகுதியிலும் வாழ்ந்த நம் முன்னோர்க்கும் இந்நிலை புதிதன்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டில்தான் வந்தது.

ஆகவே, கடன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெரியவர்கள் அஞ்சுவதில் வியப்பொன்றுமில்லை. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பழுதுற்ற அறைகளைச் செப்பனிடவும் புதிய அறைகள் எழுப்பவும் பொதுக் கடன் பெறலாமா என்ற வினா உறுப்பினர்களிடையே எழுந்துள்ளது. கடன் வேண்டாம், உள்ளதைக் கொண்டு நடப்போம் என்போரும் உளர். கடன் பெற்றேனும் கட்டுவோம் என்போரும் உளர். இரு சாராரும் கழகத்தின் நலம் நாடுபவர்களே. இவ்வினாவிற்கு விடை தேடும் நம் இளைஞர்கள், கடனால் கற்று, கடனை ஆராய்ந்து, கடன் பெற்றுக் கல்லூரி கட்டிய ஒரு மாமனிதரின் வாழ்வை அறிதல் நலம் என்று கருதுகிறோம். அவரே நம் அண்ணல், டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்.

அண்ணலின் வாழ்வை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். அரசியலமைப்பின் சிற்பி, சமூகப் போராளி, பௌத்தம் தழுவிய ஞானி என்றெல்லாம் போற்றுகிறோம். செங்கல்லுக்கும் மரத்திற்கும் புத்தகத்திற்கும் பணம் தேடி அலைந்த அண்ணலை அவ்வளவாக நாம் அறியோம். இக்கட்டுரை அந்த அண்ணலைப் பற்றியது.

தந்தை வாங்கிய கடன்

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மோவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால், தாயார் பீமாபாய். குடும்பத்தின் பூர்வீகம் ரத்தினகிரி மாவட்டம். தந்தையார் படையில் சுபேதாராகவும் படைப்பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். எனவே வீட்டில் எழுத்து வாசனை இருந்தது. ஆயினும் மகர் குலத்தில் பிறந்த குழந்தைக்கு ஊர்ப் பள்ளியில் பலகை இல்லை. வீட்டிலிருந்து கொண்டு சென்ற சாக்குத் துணியில் தனியே அமர்ந்து படித்தார். தாகம் எடுத்தால் பள்ளிப் பணியாள் மேலிருந்து ஊற்ற வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை.

தாயை இளமையிலேயே இழந்த பீமராவைத் தந்தையே கண்ணுங்கருத்துமாக வளர்த்தார். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேல் பகுதியில் தொழிலாளர் வாழும் அடுக்குக் குடியிருப்பில் ஒரே அறையில் வாழ்ந்தது. மகனோ புத்தகப் பித்தர். பாடப் புத்தகத்தோடு அமையாமல் பிற நூல்களையும் கேட்பார். ஓய்வூதியத்தில் வாழும் தந்தையால் என்ன செய்ய முடியும்? மணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் செல்வார். கையில் பணம் இருந்தால் கடனாகப் பெறுவார். பணம் இல்லையேல் அவர்களின் நகையை வாங்கி அடகு வைத்து, மகன் கேட்ட நூலை வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் திருப்பிக் கொடுத்து விடுவார்.

இளைஞர்களே, இங்கு ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். அடகுக் கடை நம் வீடுகளுக்குப் புதிதன்று. நம் வீட்டு நகை எதற்காக அங்குச் சென்றது? ராம்ஜியின் வீட்டு நகை எதற்காகச் சென்றது? கடன் ஒன்றே, அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

உதவித்தொகையும் ஒப்பந்தமும்

1907ஆம் ஆண்டில் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். அக்காலத்தில் அவர் சமூகத்தில் அது அரிய செயலாகையால் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அதில் பங்கு கொண்ட கேலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். கல்லூரிச் செலவிற்கு வழியில்லாதபோது இவரே பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அறிமுகம் செய்து வைத்தார். மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று அண்ணல் பட்டம் பெற்றார்.

1913ஆம் ஆண்டு பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்கா சென்று பயில மீண்டும் மன்னரின் உதவி கிட்டியது. படிப்பு முடிந்த பின் 10 ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும், வழக்கறிஞர் கல்விக்கான கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார்.

ஒப்பந்தப்படி பரோடாவிற்குப் பணியாற்றச் சென்றார். கடல் கடந்து கற்று வந்த அறிஞருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கோப்புகளைக் கையில் கொடுக்கக் கூசி எறிந்தனர். பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. கடனைத் தீர்க்க வந்தவரைத் தீர்க்க விடாமல் துரத்தியது சாதி.

பம்பாய் திரும்பிய அண்ணல், சிடன்ஹாம் கல்லூரியில் 1918 முதல் 1920 வரை பேராசிரியராகப் பணியாற்றி, சிக்கனமாக வாழ்ந்து பணம் சேர்த்தார். அதனோடு கோல்காப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பாத்தேனா கடனாக அளித்த 5,000 ரூபாயும் சேர்ந்தன. 1920ஆம் ஆண்டு சூலையில் மீண்டும் இலண்டன் புறப்பட்டார். அங்கே ஒரு வேளை உணவைக் குறைத்து, காலை முதல் மாலை வரை நூலகத்தில் அமர்ந்து படித்தார். பம்பாயில் துணைவியார் ரமாபாய் வறுமையில் குடும்பத்தைத் தாங்கினார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி., அத்துடன் பாரிஸ்டர் தகுதி ஆகியவற்றோடு அண்ணல் திரும்பினார். நண்பரிடம் வாங்கிய கடனும் மன்னரிடம் பெற்ற உதவியும் சேர்ந்து, இந்திய நாட்டிற்கு ஒரு பேரறிஞரை ஈட்டித் தந்தன.

பொதுக் கடனை ஆராய்ந்த அறிஞர்

அண்ணல் முதலில் பொருளியல் அறிஞர் என்பதை நம்மில் பலர் மறந்து விடுகிறோம். கொலம்பியாவில் எம்.ஏ. பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வுரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிருவாகத்தையும் நிதியையும் பற்றியது. கம்பெனி போர்களுக்காகப் பட்ட கடன்கள் இந்திய மக்களின் தலையில் சுமத்தப்பட்ட வரலாற்றை அதில் விளக்கினார். பொதுப்பணிகளுக்குச் செலவான பங்கு எவ்வளவு சிறிது என்பதையும் காட்டினார். பின்னர் 1925இல் நூலாக வெளிவந்த மாகாண நிதி வளர்ச்சி பற்றிய ஆய்வு, 1833 முதல் 1921 வரை மாகாணங்களுக்குப் பணம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை அலசுகிறது. அந்நூலை, தமக்குக் கல்வி தந்த சயாஜிராவ் மன்னருக்கே அண்ணல் காணிக்கையாக்கினார்.

இவ்வாய்வுகளிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. அரசு வாங்கும் கடன் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. யார் பொருட்டு வாங்கப்பட்டது, எதில் செலவிடப்பட்டது, யார் திருப்பிச் செலுத்துகின்றனர் என்ற மூன்றையும் கேட்ட பின்னரே அதை நல்லதென்றோ தீயதென்றோ கூறல் இயலும். போருக்கு வாங்கிய கடனை உழவன் செலுத்தினான். அவன் பிள்ளைக்கோ பள்ளி இல்லை. அது தீய கடன். பள்ளிக்கு வாங்கும் கடனை, அப்பள்ளியில் படித்தவன் நாளைத் தன் உழைப்பாலும் வரியாலும் செலுத்துவான். அது நல்ல கடன்.

மன்றத்திலும் விடுதியிலும்

1924ஆம் ஆண்டில் அண்ணல், ஒதுக்கப்பட்டோர் நலம் நாடும் சபையை பம்பாயில் நிறுவினார். அச்சபையின் முதற்பணிகளுள் ஒன்று, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. கூட்டம் கூட்டுவதற்கும் கொடி பிடிப்பதற்கும் முன்பாக, ஊர் விட்டு ஊர் வந்து படிக்கும் பிள்ளைக்குத் தங்க ஓர் இடம் வேண்டும் என்று அவர் எண்ணினார்.

1927இல் பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினரான அண்ணல், கல்வி மானியத்தின்மீது பேசும்போது அரசின் கணக்கைக் கொண்டே அரசை மடக்கினார். மக்களில் ஒருவருக்குக் கல்விக்காக அரசு செலவிடுவது 14 அணா; அதே ஒருவரிடமிருந்து மதுத் தீர்வையாக அரசு பெறுவதோ 2 ரூபாய்க்கு மேல். குடியால் பெறும் பணத்தையேனும் கல்விக்குத் திருப்புக என்று வாதிட்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் மகாத் குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்காக நடந்த போராட்டத்தை நாம் அறிவோம். அதே மாதத்தில் மன்றத்தில் நடந்த இக்கணக்குப் போராட்டமும் அதற்குக் குறைந்ததன்று.

1928இல் ஒடுக்கப்பட்ட வகுப்பார் கல்விக் கழகம் ஒன்றை அண்ணல் அமைத்தார். அரசு மானியத்தோடு உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு விடுதிகள் நடத்துவது அதன் பணி. மானியம் போதாதபோது, நன்கொடை வேண்டிப் பலரையும் அணுகினார். 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைத் தொகுதி ஒதுக்கீட்டிற்காகவே பெரும்பாலோர் நினைவில் வைத்துள்ளனர். அதன் இறுதிக் கூறு கல்வி பற்றியது. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து போதிய தொகையை ஒடுக்கப்பட்டோர் கல்வி வசதிக்கெனத் தனியே ஒதுக்க வேண்டும் என்று அக்கூறு வகுத்தது.

மக்கள் கல்விக் கழகம்

1942ஆம் ஆண்டு சூலையில் அண்ணல் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவ்வாண்டில் நாகபுரியில் உருவான பட்டியல் சாதியினர் கூட்டமைப்பிற்கு நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் தலைவரானார் என்பது தமிழ் மக்களாகிய நமக்குப் பெருமை. பதவி கிடைத்த சில மாதங்களிலேயே நம் மக்களின் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் விண்ணப்பம் அளித்தார் அண்ணல். அதன் பயன்களுள் ஒன்று, 1944 முதல் வழங்கப்பட்ட மேற்படிப்பு உதவித்தொகை. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் பெறும் உதவித்தொகையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போதுமா? இடம் கொடுக்கும் கல்லூரி வேண்டாமா? இவ்வெண்ணத்தால் 1945ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தை அண்ணல் தோற்றுவித்தார். மறு ஆண்டு, 1946 சூன் 20ஆம் நாள், பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது. வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் படிக்க ஏதுவாகக் காலை வேளையில் வகுப்புகள் நடந்தன. ஒடுக்கப்பட்டோர் நலத்திற்காகத் தோன்றிய கல்லூரியாயினும் எல்லாச் சாதியினர்க்கும் அதன் கதவு திறந்திருந்தது.

தொடக்கத்தில் அக்கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. போர்க் காலத்தில் படையினருக்கென எழுப்பிய தற்காலிகக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. பின்னர் கோட்டைப் பகுதியில் பெரிய கட்டடங்கள் வாங்கப்பட்டன. அவை புத்த பவன், ஆனந்த பவன் என்று பெயர் பெற்றன. பம்பாயின் வணிக நடுவிடத்தில் கட்டடம் வாங்குவதற்கு நம் ஏழை மக்களின் சில்லறைக் காசு போதுமா? அண்ணல் அரசை நாடினார். மத்திய அரசிடமிருந்து ஒரு பகுதி மானியமாகவும் ஒரு பகுதி கடனாகவும் கழகத்திற்குப் பணம் கிடைத்தது.

இங்கே நாம் நுணுகிக் காண வேண்டியது அண்ணலின் மனப்பான்மை. அரசின் கருவூலம் எவருடைய தனிச்சொத்தும் அன்று. நம் முன்னோர் உப்பிற்கும் துணிக்கும் கள்ளிற்கும் கொடுத்த வரியும் அதில் இருக்கிறது. ஆதலின் கல்விக்காக அதிலிருந்து கடன் கேட்பது பிச்சை எடுப்பது ஆகாது. குடிமகன் தன் உரிமையைக் கேட்பதே ஆகும். பண்ணையாரிடம் கடன் வாங்கியவன் குனிந்து நின்றான். அரசிடம் கடன் கேட்ட அண்ணலோ சட்டப்படி பதிவு பெற்ற கழகத்தின் பெயரால், திட்டத்தையும் கணக்கையும் முன்வைத்து நிமிர்ந்து நின்றார். முன்னது ஒருவன் உடலை ஈடாகக் கொண்டது. பின்னது ஒரு நிறுவனத்தின் நாணயத்தை ஈடாகக் கொண்டது.

அரசியலமைப்பில் கடனுக்கு வரம்பு

1947ஆம் ஆண்டு ஆகத்து 29ஆம் நாள் அரசியலமைப்பு வரைவுக் குழு அமைந்தது. அண்ணல் அதன் தலைவரானார். உரிமைகள் பற்றிய பகுதிகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். நிதி பற்றிய பகுதிகளையும் நம் இளைஞர் படித்தல் வேண்டும். மத்திய அரசு கடன் வாங்குவது பற்றி 292ஆம் பிரிவும், மாநில அரசுகள் கடன் வாங்குவது பற்றி 293ஆம் பிரிவும் பேசுகின்றன. தொகுப்பு நிதியின் பொறுப்பில், நாடாளுமன்றமோ சட்டமன்றமோ வரம்பு விதித்தால் அவ்வரம்பிற்குள், அரசு கடன் பெறலாம். இப்பிரிவு விவாதத்திற்கு வந்தபோது, கடனுக்கு எல்லை வகுக்கும் பொறுப்பை நாடாளுமன்றம் உணர்ந்து நிறைவேற்றும் என்ற நம்பிக்கையை அண்ணல் தெரிவித்தார்.

பொதுப்பணத்தைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்காயர் பதவியை 148ஆம் பிரிவு அமைக்கிறது. அப்பதவியை அரசியலமைப்பின் மிக முதன்மையான பதவியாக அண்ணல் கருதினார். ஆட்சி செய்வோர் எத்துணை நல்லவராயினும், செலவிட்ட காசுக்குக் கணக்குக் கேட்கும் ஒருவர் வேண்டும் என்பது அவர் கொள்கை. நலிந்த பிரிவினரின், சிறப்பாகப் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினரின், கல்வி நலனைத் தனிக் கவனத்தோடு வளர்க்குமாறு அரசைப் பணிப்பது 46ஆம் பிரிவு. கடன் பெறும் அதிகாரம், அதற்கு எல்லை, செலவிற்குத் தணிக்கை, கல்விக்கு முதன்மை ஆகிய நான்கும் ஒரே நூலில் இடம் பெற்றன.

அவுரங்காபாத்தில் எழுந்த வளாகம்

பம்பாயோடு அண்ணல் நின்றுவிடவில்லை. ஹைதராபாத் மன்னராட்சியில் இருந்த மராத்வாடாப் பகுதி கல்வியில் மிகவும் பின்தங்கிக் கிடந்தது. அங்கே அவுரங்காபாத் நகரில் 1950ஆம் ஆண்டு சூனில் மக்கள் கல்விக் கழகம் ஒரு கல்லூரி தொடங்கியது. அதன் கட்டடத்திற்கு 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். இதற்கும் அரசுக் கடன் பெறப்பட்டது. ஹைதராபாத் அரசு அதனை அளித்தது.

அக்கல்லூரி மிலிந்த் கல்லூரி எனப் பெயர் பெற்றது. மிலிந்தர் என்பவர் கிரேக்க மரபில் வந்த மன்னர். நாகசேனர் என்னும் பௌத்தத் துறவியிடம் வினாக்கள் எழுப்பி விடை பெற்றவர். வினா எழுப்பிய மன்னரின் பெயர் கல்லூரிக்கு. விடை தந்த துறவியின் பெயர் வளாகத்திற்கு. அவ்வளாகம் நாகசேனவனம் எனப்பட்டது. வறண்ட அந்நிலத்தில் மரங்கள் நடுவதில் அண்ணல் பெரும் ஆர்வம் காட்டினார். கட்டட வேலையை நேரில் நின்று பார்த்தார். சட்ட அமைச்சராக இருந்தவர், நாட்டின் அரசியலமைப்பை வரைந்தவர், வெயிலில் நின்று சுவரின் தரத்தை ஆராய்ந்தார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. கடன் பணத்தில் எழும் சுவர் அல்லவா? அதில் ஒரு செங்கல் வீணானாலும் அதற்கும் நாமே அசல் கட்ட வேண்டும்.

1953இல் பம்பாயில் வணிகவியல் கல்லூரியும் 1956இல் சட்டக் கல்லூரியும் தோன்றின. நீரிழிவு நோயும் கண் பார்வைக் குறைவும் வருத்திய நிலையிலும் கழகத்தின் அலுவல்களை அண்ணல் கைவிடவில்லை. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில் மறைந்தார். அவர் எழுப்பிய கல்லூரிகள் அவருக்குப் பின்னும் தலைமுறை தலைமுறையாக மாணவரை உருவாக்கி வருகின்றன.

நம் மண்ணில்

கல்விக்காகப் பிறர் வாசலில் நின்ற சான்றோர் நம் பகுதியிலும் உண்டு. அண்ணல் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1890இல், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். சிதம்பரத்திற்கு வந்த அத்துறவி, 1916ஆம் ஆண்டில் நந்தனார் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். படியாட்கள் கடனில் கட்டுண்டு கிடந்த அதே காலம் அது. சட்டமன்றத்திலும் பணியாற்றி, 1959ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் அவர் மறையும் வரை அப்பள்ளியே அவர் உயிராக இருந்தது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களிலிருந்து அங்குச் சென்று படித்தோர் பலர் ஆசிரியராகவும் அரசு அலுவலராகவும் உயர்ந்தனர்.

பொதுக் கடனின் பயனைக் காண நாம் தொலைவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. அண்ணல் மறைந்த அதே 1956ஆம் ஆண்டில்தான் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. அதன் முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் கடனுதவியோடும் தொழில்நுட்ப உதவியோடும் எழுந்தது. அம்மின்சாரத்தின் ஒளியில் எத்தனையோ பிள்ளைகள் இரவில் பாடம் படித்தனர். மின்சாரத்திற்குக் கடன் வாங்குவதைக் குறை கூறாதார் கல்விக்குக் கடன் வாங்குவதை மட்டும் ஏன் குறை கூற வேண்டும்?

இன்று நம் அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் நபார்டு கட்டடம் என்று வழங்கும் வகுப்பறைகள் பல உள்ளன. நபார்டு வங்கி 1995-96 முதல் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதியிலிருந்து மாநில அரசுகளுக்குக் கடன் அளித்து வருகிறது. அக்கடனில் வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் கழிப்பறைகளும் கட்டப்படுகின்றன. கடனை வாங்குவது அரசு. திருப்பிச் செலுத்துவது மக்களின் வரி. அவ்வறையில் அமரும் மாணவனுக்குத் தன் பெஞ்சுக்கு அடியில் இவ்வளவு கணக்கு இருப்பது தெரியாது. தெரிந்தால் சுவரில் ஆணியால் கீறமாட்டான்.

தலைமையாசிரியராக நாம் கண்டறிந்த உண்மை ஒன்றை இங்கே கூறுதல் தகும். கட்டடத்தைக் கட்டுவது ஒரு முறை, காப்பது ஆண்டுதோறும். ஐப்பசி மழைக்கு முன் மொட்டை மாடியைப் பெருக்கி, மழைநீர்க் குழாயில் அடைத்த வேப்பிலையை எடுத்து விட்டால் கூரை ஒழுகாது. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி விட்டால் சுவர் பிளக்காது. இதற்கு ஆகும் செலவு சொற்பம். இதைச் செய்யாது விட்டால், கடன் தீர்வதற்கு முன்பே கட்டடம் தீர்ந்து விடும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியபோது, பராமரிப்பின் அருமையை நாம் கண்கூடாகக் கண்டோம். ஒழுங்காகக் காக்கப்பட்ட கூரை தாக்குப் பிடித்தது. புறக்கணிக்கப்பட்ட கூரை பறந்தது.

நாம் செய்யத்தக்கது

கடன் அன்பை முறிக்கும் என்று கடைகளில் எழுதி வைத்திருக்கக் காண்கிறோம். கணக்கில்லாத கடன் அன்பை மட்டுமன்று, கழகத்தையும் முறிக்கும். பெரியவர்களின் அச்சத்தை இளைஞர்கள் எள்ளி நகையாடலாகாது. அவ்வச்சம் அனுபவத்தில் விளைந்தது. அதற்கு மறுமொழி வாய்ச்சொல் அன்று, ஒழுங்கான நடைமுறையே.

அண்ணலின் வாழ்விலிருந்து அந்நடைமுறையை நாம் இவ்வாறு தொகுத்துக் கொள்ளலாம். முதலாவது, கடன் கழகத்தின் பெயரால் இருத்தல் வேண்டும். தனி ஒருவர் பெயரால் வாங்குதல் கூடாது. இரண்டாவது, அது வகுப்பறை, நூலகம், விடுதி, குடிநீர், கழிப்பறை போன்ற நிலைத்த வசதிகளுக்கே செல்ல வேண்டும். விழாவிற்கும் பந்தலுக்கும் ஒரு காசும் செல்லலாகாது. மூன்றாவது, திருப்பிச் செலுத்தும் வழியைக் காணாமல் கையெழுத்திடலாகாது. உறுப்பினர் சந்தாவும் படித்து வேலைக்குச் சென்ற பழைய மாணவரின் மாதப் பங்கும் எவ்வளவு வரும் என்று முதலில் கணக்கிட்டு, அதற்கேற்பவே கடனின் அளவை வகுத்தல் வேண்டும். நான்காவது, கழக வரவு செலவை ஆண்டுதோறும் தணிக்கை செய்து, எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கும் புரியும்படி பொதுக்குழுவில் படித்துக் காட்ட வேண்டும். ஐந்தாவது, பராமரிப்பிற்கென ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

இவ்வைந்தும் இயலுமாயின் கடன் பெறலாம், அஞ்ச வேண்டுவதில்லை. இயலாதெனின், முதலில் கணக்கைச் சீர்செய்து கொண்டு, பின்னரே கடனைப் பற்றிப் பேசலாம். பொதுக்குழு எம்முடிவை எடுப்பினும், கணக்கைப் பார்த்து எடுக்கும் முடிவாக அது அமைதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அன்பு இளைஞர்களே, உங்கள் பாட்டனார் பட்ட கடன் உங்கள் தந்தையைப் பள்ளிக்குச் செல்ல விடவில்லை. ராம்ஜி பட்ட கடனோ தம் மகனை உலகறியச் செய்தது. நம் கழகத்தின் அறைகளில் படித்து உயர்ந்தோர், அடுத்த தலைமுறைக்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய தவணை ஒன்று நிலுவையில் உள்ளது. அதைப் பணமாகவோ உழைப்பாகவோ அறிவாகவோ செலுத்துவது நம் ஒவ்வொருவர் கடன்.

வாழ்க அண்ணலின் புகழ்! வளர்க நம் கல்விக் கழகம்!